ஊர் கூடித் திட்டமிட – 9: பில்லை நிறுத்தும் கையெழுத்து

கென்யா 2010 ஆகஸ்ட் 27 அன்று புதிய அரசியலமைப்பை அமலுக்குக் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன்படி நாடு 47 கவுன்டிகள் ஆனது. பார்வைக்கு நம் மாவட்டம் போலத் தோன்றினாலும் கவுன்டியின் அதிகாரம் வேறு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் அதற்கு உண்டு. தனிச் சட்டமன்றமும் உண்டு. தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுன்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஐந்தாண்டுத் திட்டமோ, ஆண்டுத் திட்டமோ, பட்ஜெட்டோ, எதையும் மக்களைக் கேட்டுத்தான் தீட்ட வேண்டும் என்பதும் சட்டம்.

கேட்டதாக எப்போது ஒப்புக்கொள்வது? இந்தக் கேள்வி சீக்கிரமே நீதிமன்றத்துக்கு வந்தது. நைரோபியை ஒட்டிய கியாம்பு கவுன்டி 2013இல் வரிகளையும் கட்டணங்களையும் நிர்ணயித்து ஒரு நிதிச் சட்டம் போட்டது. மக்களைக் கேட்கவில்லை என்று வழக்கு. நாளிதழில் ஒருநாள் விளம்பரம் கொடுத்தால் போதாது, தேவாலயம், மசூதி, கோயில், ஊர்க்கூட்டம், வட்டார மொழி வானொலி என்று மக்கள் கூடும் இடத்தையெல்லாம் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி, 2014இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. ஊர்க்கூட்டத்தை அங்கே ‘பராசா’ என்பார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பராசாக்கள் பெருகின. ஆனால் பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்துவிட்டது.

மாக்குவேனி கவுன்டி அந்த வழியில் போகவில்லை. நைரோபிக்குத் தென்கிழக்கே, காம்பா மக்கள் வாழும் வறண்ட பூமி அது. மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது, தண்ணீருக்குத்தான் பஞ்சம். முதல் ஆளுநர் கிவுதா கிப்வானா, அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். அவருக்கும் கவுன்டிச் சட்டமன்றத்துக்கும் பட்ஜெட் விஷயத்தில் மூண்ட சண்டை, 2014 செப்டம்பரில் கவுன்டித் தலைநகர் வோட்டேயில் சட்டமன்ற வளாகத்திலேயே துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. பலர் காயமடைந்தார்கள். ‘இந்த அரசே வேண்டாம், கலைத்துவிடுங்கள்’ என்று மக்கள் மனுப் போட்டார்கள். அதை விசாரித்த குழுவும் கலைக்கலாம் என்றே பரிந்துரைத்தது. அதிபர் உஹுரு கென்யாட்டா அதை ஏற்கவில்லை, அரசு பிழைத்தது.

தன்னைக் கலைக்கச் சொன்ன மக்களிடமே அந்த அரசு திரும்பிப் போனது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கிராமத்தில் தொடங்கி, 377 கிராமத் தொகுப்புகள், துணை வார்டுகள், 30 வார்டுகள், துணைக் கவுன்டிகள் வழியாகக் கவுன்டி மக்கள் மன்றம் வரை படிப்படியாக ஓர் ஏற்பாடு உருவாயிற்று. கிராமத்தில் எழும் கோரிக்கைகளை ஒவ்வொரு படியிலும் கூடிப் பேசி வரிசைப்படுத்துவார்கள். குட்டையா, மருந்தகமா, சாலையா, எது முதலில் என்று அங்கேயே வாக்குவாதம் நடக்கும். கேட்டது கிடைக்காதவர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். ஒரு ஊருக்கு இதுவே பெரிய விஷயம்.

என்னை அதிகம் ஈர்த்தது இதற்கு அடுத்த படி. வேலை தொடங்கியதும் பயனாளிகளே தங்களுக்குள் ஒரு திட்டக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதிப்பீட்டில் எத்தனை மூட்டை சிமென்ட், என்ன கனத்தில் கம்பி என்பது அவர்களுக்கும் தெரிவிக்கப்படும். வேலை சரியாக முடிந்தது என்று பொறியாளர் எழுதினால் மட்டும் போதாது. இந்தக் குழுவும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். ஆடு மேய்ப்பவரும் மாந்தோப்பு விவசாயியும் நிறுத்திவைத்தால் பில் நகராது. யோசனை கேட்பதற்குக் கூட்டம் போதும். பணத்தைத் தடுக்கும் உரிமை வந்தபோதுதான் கிராமத்தின் சொல்லுக்கு எடை ஏறியது.

குறைகள் இங்கேயும் உண்டு. விதைப்புக் காலத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? குரல் பெரிதாக உள்ளவர் பேச்சே எடுபடும் ஆபத்தும் எந்தக் குழுவிலும் இருக்கிறது. பட்ஜெட் ஆவணம் ஆங்கிலத்தில் கனத்த புத்தகமாக இருந்தால், காம்பா மட்டுமே பேசும் மூதாட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இவற்றைவிடப் பெரிய சிக்கல் காலண்டரில் இருக்கிறது. கென்யாவில் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்குரிய ஆண்டு மேம்பாட்டுத் திட்டத்தை முந்தைய செப்டம்பர் 1க்குள் சட்டமன்றத்தில் வைத்துவிட வேண்டும். எந்தத் துறைக்கு எவ்வளவு என்ற வரம்பு பிப்ரவரி 28க்குள் தயாராகிவிடும். பட்ஜெட் மதிப்பீடு ஏப்ரல் 30க்குள் வரும். ஆக, ஊருக்குக் குட்டை வேண்டும் என்று கேட்கச் சரியான நேரம் செப்டம்பருக்கு முன்னால். ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் பராசா கூட்டும் கவுன்டி, மக்களிடம் கருத்துக் கேட்பதில்லை. எடுத்து முடித்த முடிவை வாசித்துக் காட்டி அனுப்புகிறது.