பசியின் சாசனம்

எகிப்து என்றதும் பிரமிடுகளும் அரசர்தம் கல்லறைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் சுவர்களில் அரசனுடைய புகழுக்குக் குறைவில்லை. ஆனால் அக்கல்லறைகளைக் குடைந்தவர் யாவர்? அவர்கள் உண்டது என்ன? இதற்கு விடை பகர்வது அரண்மனைச் சாசனமன்று, குப்பைக் குழியே.

நைல் நதியின் மேலைக்கரையில், லக்ஸர் நகருக்கு எதிரே, டெயர் எல்-மதீனா என்னும் சிற்றூர் உளது. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து, சித்திரம் தீட்டிய தொழிலாளர் குடும்பத்துடன் வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சு அறிஞர் பெர்னார்ட் புரூயேர் 1922 முதல் பல்லாண்டுகள் அங்கு அகழ்ந்தார். மதிலுக்குள் ஏறக்குறைய 70 வீடுகள் வெளிப்பட்டன. ஊரருகே எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகளும் சுண்ணக்கல் துண்டுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கடன், வழக்கு, கழுதை வாடகை யாவும் அவற்றில் உண்டு. வேலைக்கு வராதவர் பட்டியல் ஒன்று இரண்டாம் ராம்சேஸ் காலத்தது. ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் நோய். மற்றொருவன் மது வடிக்கச் சென்றான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அம்மனிதர் நமக்கு அந்நியராகத் தோன்றவில்லை!

இவர்களுக்குக் கூலி நாணயமன்று, தானியம். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157-இல், அத்தானியம் காலத்தில் வரவில்லை. 18 நாட்கள் கழிந்தன. தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறி, ஒரு கோயிலின் பின்புறம் சென்று அமர்ந்தனர். பசியும் தாகமும் தங்களை அங்கு கொணர்ந்தன என்றும், உடுக்கத் துணியும் உண்ண மீனும் காய்கறியும் இல்லை என்றும் முறையிட்டனர். தங்கள் நிலையை அரசனுக்கு எழுதுமாறு கோரினர். அதிகாரிகள் சமாதானம் கூறிப் பார்த்தனர், அவர்கள் அசையவில்லை. பின்னரே நிலுவைத் தானியம் அளக்கப்பட்டது. நாம் அறிந்த வேலைநிறுத்தப் பதிவுகளில் இதுவே மிகப் பழமையானது. அப்பதிவேடு இன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது.

நேயர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அதே அரசன் கோயில்களுக்கு வழங்கிய கொடைகளை விரிக்கும் ஓலைச்சுருள், அவன் இறந்தபின் தொகுக்கப்பெற்றது, லண்டனில் இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 41 மீட்டர்! இரண்டு ஏடுகளும் மெய்யே. கொடைப் பட்டியலை மட்டும் படிப்பவர் அந்நாட்டில் பஞ்சமே இல்லையென எண்ணுவர். பட்டினி ஏட்டையும் படிப்பவரே அதன் சரித்திரத்தை அறிவர்.

ஓர் அரசின் செழுமையை அளக்கப் பொக்கிஷக் கணக்கு மட்டும் போதாது. உழைப்பவன் வீட்டுப் பானையையும் திறந்து பார்த்தல் வேண்டும். எகிப்தின் குப்பைக் குழி உலகுக்குச் சொல்லும் அரசியல் பாடம் இதுவே.