படம் உறைகிறதா? முதலில் நகல், பிறகுதான் பழுது

ஒரே ஒரு முறை ஒளிபரப்பாகி மறைந்துபோகும் நிகழ்ச்சிகள் உண்டு. நம் பள்ளி மாணவர்கள் ஆடிய தீபாவளிச் சிறப்பு நடனம், தாத்தா தலைகாட்டிய ஒரு நேர்காணல் போன்றவை யூடியூப்பில் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் பதிவுப் பெட்டிக்குள் மட்டும் அவை பத்திரமாக இருக்கும். பத்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் படம் இரண்டு விநாடி உறையும். அடுத்த வாரம் பெட்டி தானாக அணைந்து மீண்டும் எழும். உடனே நாம் செய்வது என்ன? சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவது. உள்ளே சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

பதிவுப் பெட்டி என்பது உண்மையில் ஒரு சிறு கணினிதான். 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ பெட்டி லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. அதன் முதல் வகைகளில் ஒன்று 14 மணி நேர நிகழ்ச்சிகளைச் சேமித்தது. அதற்குள் இருந்ததும் கணினியில் இருக்கும் அதே வகை ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் வேலைச் சுமை வேறு. நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காக, யாரும் பதிவு செய்யாதபோதும் பெட்டி ஓடும் அலைவரிசையை எழுதிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்கும்போதும் தட்டு சுழலும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் விநாடிக்கு 90 சுற்று. அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. அத்துடன் காற்றோட்டமில்லாத அலமாரி, பெட்டியின் மேலே விரித்த பூத்துணி, அதன் மேல் ஒரு பூச்சாடி. நம் ஊர் வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம்.

தட்டில் தகவல் செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 512 பைட். ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சாதாரணக் கணினி டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். பல விநாடிகள்கூட ஆகலாம். உங்கள் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை அங்கே இருந்தால் இந்தப் பிடிவாதத்துக்கு நன்றி சொல்வீர்கள். தொலைக்காட்சிக்கோ அது ஆகாது. ஐந்து விநாடி யோசித்தால் ஐந்து விநாடி படம் நின்றுவிடும். அதனால் ஒளிப்பதிவுக்கென்றே தயாரிக்கப்படும் டிஸ்க்குகள் கொஞ்சம் முயன்று, முடியவில்லை என்றால் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஒரு துண்டு போனால் திரையில் ஒரு சிறு கட்டம் சிதறும், அவ்வளவுதான்.

இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைந்த பெட்டி, டிஸ்க் கெட்டுப்போவதை வெகுநாள் நம்மிடம் காட்டாது. காட்டும்போது நோய் முற்றியிருக்கும்.

அறிகுறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட பதிவில், அதே இடத்தில் மட்டும் படம் உறைந்தால் பழுது அந்த நிகழ்ச்சி இருக்கும் பகுதியில் இருக்கிறது. பெட்டி எழவே முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கினால், மென்பொருள் இருக்கும் பகுதி கெட்டிருக்கலாம். 'டக் டக்' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் படிக்கும் தலையே பழுது. அப்போது மின்சாரத்தை அணைத்துவிட்டு நிபுணரிடம் போவதே வழி. இன்னொன்றும் உண்டு. மின்வழங்கிப் பலகையில் இருக்கும் மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால் டிஸ்க்குக்குப் போதிய மின்சாரம் போகாது. அறிகுறி அச்சு அசலாக டிஸ்க் பழுது போலவே இருக்கும். நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

உறைந்த பதிவை அழித்ததும் பிரச்சினை தீர்ந்ததுபோல் தெரியும். ஏமாற வேண்டாம். கெட்ட செக்டரில் மீண்டும் எழுத வரும்போதுதான் டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ள மாற்றுச் செக்டரைப் பயன்படுத்தும். அந்தக் கையிருப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆக, 'டிஸ்க்கைப் பழுது பார்ப்பது' என்ற பேச்சே கொஞ்சம் தவறு. தேய்ந்த தட்டை யாரும் புதிதாக்க முடியாது. அதில் இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு மாற்ற முடியும். அதற்கு மிச்சமிருக்கும் ஆயுளைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

சந்தா நிறுவனம் தந்த பெட்டி என்றால் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெட்டி அவர்களுடையதாக இருந்தால் திறக்கக் கூடாது. சொந்தப் பெட்டி என்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நேரம் விட்டுத் திறக்க வேண்டும். மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கி, கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். பாலிடெக்னிக்கிலோ தொழிற்கல்லூரியிலோ மின்னணுவியல் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது.

கழற்றிய டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் இணைத்தால், இதைத் தயார்படுத்தவா என்று அது கேட்கும். பெட்டியின் கோப்பு அமைப்பு அதற்குப் புரியாததால் வரும் கேள்வி அது. ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சாமர்த்தியம் வரிசையில்தான். சாதாரண நகல் நிரல் முதல் பழுதிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்கியூ பழுதான இடங்களைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறுகச் சிறுகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேர்வு மண்டபத்தில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதும் அதே உத்தி!

நல்ல நிலையில் உள்ள 500 ஜிகாபைட் டிஸ்க்கை, விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 5,000 விநாடிகளில், அதாவது 83 நிமிடங்களில் படித்துவிடலாம். நோயுற்ற டிஸ்க்குக்கு நாள்கணக்கில் ஆகலாம். பொறுமை தேவை. எது மூலம், எது நகல் என்பதை இரண்டு முறை சரிபார்த்த பிறகே கட்டளையை இடுங்கள். மாற்றி எழுதினால் காலி டிஸ்க்கின் நகல்தான் மிஞ்சும். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் நீராய்ப் படியும்.

புதிய டிஸ்க், பழையதைவிடக் கொள்ளளவில் சிறியதாக இருக்கக் கூடாது. மிகப் பழைய பெட்டியில் மிகப் பெரியதைப் போட்டும் பயனில்லை. செக்டர் எண்ணுக்கு 28 பிட் மட்டுமே ஒதுக்கிய காலத்துப் பெட்டி என்றால், 2இன் 28ஆம் அடுக்கை 512ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 137 ஜிகாபைட் வரும். அதற்கு மேல் அதன் கண்ணுக்குத் தெரியாது. கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கப்படும் டிஸ்க் இந்த வேலைக்குப் பொருத்தமானது. அதுவும் இரவு பகலாக எழுதுவதற்காகவே தயாரானது.

நகலை அதே பெட்டியில்தான் பொருத்த வேண்டும். பல பெட்டிகளில் பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறவுகோல் பெட்டியின் சில்லுக்குள் இருக்கும், கணினியில் அவை ஓடா. புதிய டிஸ்க்கை ஏற்க மறுக்கும் பெட்டிகளும் உண்டு என்பதால், வேலை முடியும்வரை பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். பெட்டி எழுந்ததும் முதலில் அந்த நடனத்தைப் போட்டுப் பாருங்கள். மீட்க முடியாமல் போன செக்டர்கள் இருந்த இடத்தில் படம் ஒரு கணம் சிதறலாம்.

பூத்துணியையும் பூச்சாடியையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.