ஒலி கேட்டுக் குறி வைக்கும் வீரர்கள்

தசரதன் இலக்கைக் கண்ணால் காணாமலே, ஒலியை மட்டும் கேட்டு அம்பெய்யும் வித்தையில் வல்லவன். இருளில் குடம் நிறையும் ஓசையை யானை நீர் பருகும் ஓசை என்றெண்ணி அவன் எய்த கணை, பார்வையற்ற முதியோரின் மகனை மாய்த்தது. அக்கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அவ்வித்தை இன்று ஒரு பந்தயமாக நடைபெறுவதையும், பார்வை இழந்தோரும் பார்வை குன்றியோருமே அதில் குறி வைப்பதையும் நம்மில் பலர் அறியோம்.

பந்தயத்தின் பெயர் பயத்லான். பனிச்சறுக்குக் கட்டைகளில் பல கிலோமீட்டர் விரைந்து, இடையிடையே நின்று துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது அது. 'இருவினைப் போட்டி' என்று தமிழாக்க ஆசை எழுகிறது. ஆயினும் இருவினை என்றதும் நல்வினையும் தீவினையும் நினைவில் வந்து நிற்குமாதலால், அயற்சொல்லையே வைத்துக்கொள்வோம். உடற்குறையுடையோருக்கான குளிர்காலப் பாராலிம்பிக் விளையாட்டுகளில் இது 1988-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் இடம்பெற்றது. பார்வைக் குறையுடையோர் 1992-இல் சேர்க்கப்பெற்றனர்.

விரைவதற்கு வேண்டுவது வேகம். சுடுவதற்கு வேண்டுவது அசைவின்மை. நெஞ்சு படபடக்க ஓடி வந்தவர், சில வினாடிகளில் மூச்சை அடக்கிக் கையை நிலைநிறுத்த வேண்டும். இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து குண்டுகள். உடற்குறையுடைய வீரருக்கு இலக்கின் விட்டம் 13 மில்லிமீட்டரே. நம் ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறியது. குறி தவறினால், பந்தய வகைக்கேற்ப, தண்டனைச் சுற்று ஒன்றை ஓட வேண்டும். அல்லது நேரத்துடன் ஒரு நிமிடம் கூட்டப்பெறும்.

பார்வைக் குறையுடையவர் எவ்வாறு சுடுகிறார்? அவருக்கு மின்னணுத் துப்பாக்கி ஒன்றும், காதில் அணியும் ஒலிக்கருவி ஒன்றும் அளிக்கப்பெறுகின்றன. குழல் இலக்கின் மையத்தை நெருங்க நெருங்க, காதில் ஒலி மாறி ஏறுகிறது, விலகினால் தணிகிறது. சுருதி சேர்க்கும் வீணைக் கலைஞர் எவ்வளவு கூர்ந்து கேட்பாரோ, அவ்வளவு கூர்ந்து கேட்டு, உரிய கணத்தில் விசையை அழுத்த வேண்டும். பாதையிலோ, வழித்துணைவர் ஒருவர் முன்னே சறுக்கிச் சென்று, வளைவையும் இறக்கத்தையும் குரலால் அறிவிக்கிறார். வென்றால் அவருக்கும் பதக்கம் உண்டு. அது முறையே என்பது நம் கருத்து. முற்றும் பார்வையற்றோர் ஒளி புகாத கண்ணாடி அணிந்தே ஓடுகின்றனர்.

கால் வலுவிழந்தோர், கட்டைகளின்மீது பொருத்திய இருக்கையில் அமர்ந்து கைக்கோல்களால் உந்திச் செல்கின்றனர். ஆப்கானிஸ்தானில் 2009-இல் இரு கால்களையும் இழந்த அமெரிக்கப் படைவீரர் டேனியல் நோசன், 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் இப்பிரிவில் தங்கம் வென்றார். நின்று ஓடும் பிரிவில் கனடாவின் மார்க் அரெண்ட்ஸ் புகழ்பெற்றவர். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தவர்.

ஒரே பிரிவிலும் குறைபாட்டின் அளவு ஒன்றுபோல் இராது. ஆகவே ஓடிய நேரத்தை ஒரு விழுக்காட்டால் குறைத்துக் கணக்கிடுகின்றனர். ஒருவருக்குரிய விழுக்காடு 90 எனக் கொண்டால், அவருடைய ஒரு நிமிடம் 54 வினாடியாகவே எண்ணப்பெறும். எனவே குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவர்தாம் வென்றவர் என்று சொல்ல முடியாது. காண்போர்க்கு இது குழப்பமே. ஆயினும் இதனினும் நேர்மையான வழி நமக்குத் தோன்றவில்லை.

உக்ரைனின் விட்டாலி லுக்கியானென்கோ பார்வைக் குறையுடையோர் பிரிவில் 2018-இல் தங்கம் வென்றவர். 2022 மார்ச்சில் பெய்ஜிங் விளையாட்டுகள் தொடங்கியபோது, அவர் தாய்நாட்டின்மீது ரஷ்யப் படையெடுப்பு தொடங்கி இரண்டு வாரங்கூட ஆகவில்லை. 44 வயதான அவர் குறுந்தொலைவுப் பந்தயத்தில் மீண்டும் முதலிடம் பெற்றார். அப்பந்தயத்தின் மூன்று பதக்கங்களும் உக்ரைன் வீரர்களுக்கே சென்றன.