ஆளுயரக் கரும்பும் ஆயுள் சிறையும்: ஜுன்னர் சிறுத்தைகளின் கதை

ஜுன்னர் (மகாராஷ்டிரம்): புணே மாவட்டத்தில் சத்ரபதி சிவாஜி பிறந்த சிவநேரி கோட்டையைக் காண ஜுன்னருக்கு வருவோர் பலர். அதே தாலுகாவில் உள்ள மாணிக்தோ சிறுத்தை மீட்பு மையத்தை அறிந்தவர் சிலரே. மாநில வனத் துறையும், "வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ்' என்ற தன்னார்வ அமைப்பும் இணைந்து நடத்தும் இந்த மையம் உயிரியல் பூங்கா அன்று, இங்குள்ள சிறுத்தைகள் காட்சிப் பொருளும் அல்ல.

கிணற்றில் தவறி விழுந்தவை, கண்ணியில் சிக்கிக் காலை இழந்தவை, தாயைப் பிரிந்த குட்டிகள், மனிதரைத் தாக்கியதாகப் பிடிக்கப்பட்டவை எனப் பலவும் இங்கு வந்து சேர்கின்றன. சிகிச்சைக்குப் பின் விடுவிக்கத் தக்கவை விடுவிக்கப்படுகின்றன. ஊனமுற்றவற்றுக்கும், வேட்டையாடக் கற்காமலே வளர்ந்தவற்றுக்கும் எஞ்சிய ஆயுள் கம்பி வேலிக்குள்தான்.

கரும்பே காடு: குக்கடி பாசனத் திட்டத்தின் ஐந்து அணைகள் இப்பகுதியின் வறண்ட நிலத்தைக் கரும்பு வயல்களாக மாற்றின. ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து, மாதக் கணக்கில் வெட்டப்படாமல் நிற்கும் கரும்பு சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். ஊர் நாய்களும் ஆடுகளும் இரையாகின்றன. காட்டையே பார்த்திராத சிறுத்தைகள் இவ்வயல்களில் பிறந்து வளர்கின்றன.

அறுவடைக் காலத்தில் குட்டிகள் கண்டெடுக்கப்படுவது இங்கு வழக்கமான செய்தி. குட்டிகளைப் பரிசோதித்து, மாலையில் ஒரு பெட்டியில் அதே இடத்தில் வைத்துவிட்டு மருத்துவர்கள் ஒதுங்கி நிற்கின்றனர். தாய் வந்து கவ்விச் சென்றால், மையத்தில் ஓர் ஆயுள் கைதி குறைவு.

எதிர்பாராத விளைவு: சிறுத்தையைப் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால் தொல்லை தீரும் என்பதே நெடுங்கால நம்பிக்கை. 2001 முதல் இவ்வட்டாரத்தில் 29 சிறுத்தைகள் சராசரியாகச் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள காடுகளில் விடப்பட்டன. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பேர் தாக்கப்பட்டிருக்க, அதன் பின் அந்த எண்ணிக்கை 17 ஆக உயர்ந்ததாக வித்யா ஆத்ரேயா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளும், சிறுத்தையைப் பிடிப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தின.

மக்களின் கோபம்: ஆனால், குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் நெறிமுறைகளைப் படித்துக் காட்ட இயலாது. 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அண்டைத் தாலுகாவான ஷிரூரின் பிம்பர்கேட் பகுதியில் குழந்தைகள் உள்பட மூவர் பலியாயினர். மக்கள் சாலை மறியலில் இறங்கினர். ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. சிறுத்தைகளுக்குக் கருத்தடை செய்யும் திட்டமும் பேசப்பட்டது.

பாசனத்துக்கான மின்சாரத்தைப் பகலில் தர வேண்டும் என்பது விவசாயிகளின் நியாயமான கோரிக்கை. இரவில் மின்சாரம் வந்தால், இருட்டில்தான் வயலுக்குப் போயாக வேண்டும். தெரு விளக்கு, வீட்டுக்குள் கழிப்பறை, உறுதியான ஆட்டுப்பட்டி, குப்பையை அகற்றி நாய்களைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை வனத் துறை மட்டும் செய்யக் கூடியவை அல்ல. மின் வாரியமும் ஊராட்சியும் சேர்ந்தே செய்தாக வேண்டும்.

நாட்டில் 13,874 சிறுத்தைகள் இருப்பதாக 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. தமிழகத்தின் பங்கு 1,070. பெரும்பாலும் புலிகள் வாழும் காடுகளை ஒட்டி எடுக்கப்பட்ட இக்கணக்கில், ஜுன்னரின் கரும்பு வயல்கள் போன்ற இடங்கள் முழுமையாக அடங்கவில்லை. கூடலூர், வால்பாறை தேயிலைத் தோட்டங்களிலும் இதே அச்சம் நிலவுவதால், ஜுன்னரின் அனுபவம் நமக்கும் பாடம்.

ஒவ்வோர் உயிர்ப்பலிக்குப் பின்னும் எழும் முதல் கோரிக்கை, இன்னொரு கூண்டு. மாணிக்தோவின் கூண்டுகள் நிரம்பலாம். ஆனால், காலியாகும் இடத்துக்கு அடுத்த சிறுத்தை வரும். விவசாயியும் அன்றிரவே தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போவார்.