துடியான தெய்வம்

புதுக்கோட்டைச் சீமையில் ஊர்த்தெய்வம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வரும்போது, கோயிலின் பழமையோ கட்டடத்தின் அளவோ பேசப்படுவதற்கு முன்பே, ‘சாமி ரொம்பத் துடியானது’ என்ற சொல் வந்து விழுந்துவிடும். இதைப் பயம் என்று மட்டும் சொன்னால் அந்த மனநிலையிலுள்ள ஈர்ப்பு விடுபடுகிறது. பக்தி என்று மட்டும் சொன்னால் அதிலுள்ள நடுக்கம் விடுபடுகிறது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல்லாகத் துடி இன்றும் வழங்கிவருகிறது.

துடித்தல் என்னும் வினை இமை, உதடு, நாடி ஆகியவற்றின் விட்டுவிட்டு வரும் விரைவான அசைவைக் குறிக்கும். சுறுசுறுப்பான குழந்தையையும் துடியான பிள்ளை என்பதுண்டு. துடி பெயர்ச்சொல்லாக வரும்போது இடை சுருங்கிய ஒரு சிறு பறையின் பெயராகும். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் கொற்றவையை வழிபடும் களத்தில் ஒலிப்பதும், முருகன் ஆடியதாக அந்நூல் கூறும் கூத்துக்குப் பெயராக அமைந்ததும் இத்துடியே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் மருட்கை எனப்படும் வியப்பையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்து, அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாக அணங்கை, அதாவது வருத்தும் ஆற்றல் கொண்ட தெய்வத்தை, குறிப்பிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் வெளியிட்ட நூலில், நடுங்கவைத்தபடியே தன்பால் இழுக்கும் ஒன்றாகப் புனிதத்தை விளக்கினார். இலக்கணம் பிரித்து வைத்த அவ்விரு மெய்ப்பாடுகளையும் ஊர்மக்கள் பேச்சு எவ்விதத் தத்துவத் துணையுமின்றி ஒரே சொல்லில் சேர்த்துவைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

உக்கிரம் என்ற சொல்லோடு துடியைக் குழப்பிக்கொள்ளுதல் ஆகாது. உக்கிரம் தெய்வத்தின் சினத்தைச் சுட்டுவது. துடியோ தெய்வம் எவ்வளவு விரைவாகச் செவிசாய்க்கிறது என்பதைச் சுட்டுவது. வேண்டுதல் வைத்தால் உடனே தரும், தவறிழைத்தால் உடனே ‘கேட்டுவிடும்’ என்பது வழக்கு. இங்கே கேட்டல் என்பது தண்டித்தலாகும். அதனால்தான் நீதிமன்றத்தில் தீராத கொடுக்கல் வாங்கல் பிணக்குகள்கூடச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யும் இடத்தில் தீர்ந்துவிடுவதுண்டு. அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் அநீதி இழைக்கப்பட்டவர்கள் காசு வெட்டிப் போட்டு முறையிடுவதும் இதே நம்பிக்கையின் பாற்பட்டதே.

ஒரே கோயிலுக்குள்ளும் துடி சமமாகப் பகிரப்படுவதில்லை. அய்யனார் சாந்தமானவர், உயிர்ப்பலி ஏற்காதவர். அவருடைய காவல் பரிவாரமான கருப்பருக்கே கிடாவெட்டு நிகழும். அப்போது அய்யனார் சந்நிதியில் திரை இழுத்து மூடப்படும். தலைமைத் தெய்வத்தின் அமைதியும் காவல் தெய்வத்தின் வேகமும் ஒரு துணியின் இருபுறத்திலும் நிற்கும் இந்த ஏற்பாட்டைவிடத் துடி என்பதன் எல்லையைத் தெளிவாகக் காட்டும் விளக்கம் அரிது.

அய்யனாரின் குதிரை தன் பேருருவால் தரும் வியப்பைக் காணக் கீரமங்கலத்துக்கு அருகிலுள்ள குளமங்கலம் தக்க இடம். அங்குள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரையின் மீது, மாசி மகத்தன்று பக்தர்கள் வேண்டுதலாகக் கொண்டுவரும் காகிதப்பூ மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உடலையே மறைத்துவிடும்.

துடியான தெய்வம் குடியிருக்கும் கோயில்காட்டில் சுள்ளி ஒடிப்பதற்கும் மக்கள் தயங்குவர். தைலமரத் தோட்டங்கள் பெருகிவிட்ட இம்மாவட்டத்தில் வீரை, பாலை, காயா முதலிய பழைய மரங்கள் அடர்ந்து எஞ்சியிருக்கும் இடங்களுள் இக்காடுகளே முதன்மையானவை. இவற்றை மூடநம்பிக்கை மிச்சங்கள் என ஒதுக்குவோர், வேலியும் காவலாளியும் இல்லாமல் ஒரு காடு தலைமுறை தலைமுறையாக நின்றது எவ்வாறு என்பதையும் விளக்கியாக வேண்டும். அந்தக் காடுகளுள் சிலவற்றில் இன்று ஓட்டுக் கொட்டகைகளும் கான்கிரீட் மண்டபங்களும் எழும்பிவருகின்றன. கட்டடத்துக்காக மரங்கள் வெட்டப்படுகையில், ஊர் தன் தெய்வத்தின் துடியைப் பற்றிப் பேசும் பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது.