கேமராவை அவர் கையில் கொடுங்கள்



தாராவியின் ஓர் அறை வீடுகளிலும், மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளிலும், அறிவுத்திறன் குறைபாட்டோடு வளர்ந்து முப்பது நாற்பது வயதை எட்டிய மகன்களும் மகள்களும் இருக்கிறார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தாய் பதில் சொல்லுகிறார். எங்கே அனுப்புவது என்பதை அண்ணன் தீர்மானிக்கிறார். ஆராய்ச்சிக்காக வருகிறவர்களும் பெரும்பாலும் குடும்பத்தாரிடமே கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். பேச்சு தெளிவாக இல்லாதபடியால், அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணலாமா?

இந்தக் குறையை நீக்க ஆய்வாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, கேமராவை அவரிடமே கொடுப்பதாகும்.

எங்கே தோன்றியது?

1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்வைப் படமெடுக்கச் செய்தனர். இம்முறைக்கு 'ஃபோட்டோவாய்ஸ்' என்று பெயர் வந்தது. 2003இல் இங்கிலாந்தில் டிம் பூத், வெண்டி பூத் ஆகியோர், கற்றல் குறைபாடுள்ள தாய்மார்களோடு இதே முறையில் செய்த ஆய்வை வெளியிட்டனர். நம் மும்பையில் 2006இல் பார்த்தோ பௌமிக் பார்வையற்றோருக்குப் புகைப்படக்கலை கற்பிக்கத் தொடங்கினார். ஒலியையும் தொடுதலையும் கொண்டு அவர்கள் படமெடுத்தார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் எளிய கேள்வி ஒன்று: "உங்களுக்குப் பிடித்த இடம் எது? போகப் பயப்படும் இடம் எது?" கேமராவைப் பிடிக்கவும் பொத்தானை அழுத்தவும் பொறுமையாய்ப் பழக்குகிறார்கள். பிறர் முகத்தை எடுக்குமுன் அனுமதி கேட்கவும் கற்பிக்கிறார்கள். சில நாட்களுக்குப்பின் படங்களை மேசைமேல் பரப்பி, முக்கியமானவற்றை அவரே தெரிந்தெடுக்கும்படி விடுகிறார்கள். பேச இயலாதவர் விரலால் சுட்டிக்காட்டலாம்.

படத்தின் பொருளை நாம் ஊகித்துவிடக் கூடாது. ஒருவர் அடுப்பைப் படமெடுத்திருந்தால், அது நெருப்பின்மேல் உள்ள பயமா, தானே சமைக்க வேண்டுமென்ற ஆசையா? பொதுக் கழிப்பறைக்குப் போகும் சந்து என்றால், அங்கே இருட்டா, யாராவது கேலி செய்கிறார்களா? அவரிடமே கேட்க வேண்டும். பெரியவர்களைத் திருப்திப்படுத்த எதற்கும் "ஆம்" என்று சொல்லப் பழகியவர்கள் உண்டு. ஆகவே வேறொரு நாளில் மீண்டும் கேட்பது நல்லது.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளியை ஆராய்ச்சிக்கு உட்படுத்த அவருடைய சுயமான சம்மதம் வேண்டும். அது அவருக்குப் புரியும் முறையில் விளக்கிப் பெறப்பட வேண்டும். அதற்கென அமைக்கப்பட்ட குழுவின் முன் அனுமதியும் தேவை. ஆகையால் உங்கள் வீட்டிற்கு ஆய்வாளர் வந்தால், "என் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? படங்கள் யாரிடம் இருக்கும்? வேண்டாமென்றால் அழித்துவிடுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியது

இதற்கு ஆராய்ச்சியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று அநேக வீடுகளில் கேமராவுள்ள செல்போன் இருக்கிறது. ஒரு வாரம் அதை அவர் கையில் கொடுங்கள். மங்கலான படங்களையும் அழிக்காதிருங்கள். மாலையில் அருகில் உட்கார்ந்து, "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருங்கள், அவருக்கு முந்தி நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

"எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்பது பெற்றோர் அநேகரின் கண்ணீர். பார்க்கப்போகிறவருக்கு, அவன் எதை விரும்புகிறான், எதற்கு அஞ்சுகிறான், யாரை நம்புகிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை அவனிடமிருந்தே அறிந்துகொள்ள, நீங்கள் அருகிலிருக்கும் இந்நாட்களே ஏற்ற காலம்.