பரங்கிமலை வழியாக உளவுப் பிரிவுக்கு

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை நகருக்குள் போகிறவர்கள், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியை ஒட்டித்தான் போகிறார்கள். 1963-ல் தொடங்கிய இடம். 1992 முதல் பெண்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. ராணுவ உளவுப் பிரிவில் சேர ஆசைப்படும் பட்டதாரிக்கு முதலில் கைகாட்ட வேண்டியது இந்த வாசலைத்தான்.

உளவுப் பிரிவு அதிகாரி ஆவதற்கென்று வெளியாட்களுக்குத் தனித்தேர்வு கிடையாது. முதலில் ராணுவ அதிகாரி ஆக வேண்டும், அதன் பிறகுதான் உளவுப் பிரிவு. அதற்கான பயிற்சிப் பள்ளி புனேயில் இருக்கிறது. ‘நேரடியாகச் சேர்த்துவிடுகிறேன், செலவாகும்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முப்படை அதிகாரிகளுக்காக யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வில், பரங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களுக்குக் கணக்குத் தாள் இல்லை. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழை ‘பி’ கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், அந்த எழுத்துத் தேர்வும் வேண்டாம். விண்ணப்பத்தில் தேறியவர்களை நேராக எஸ்.எஸ்.பி. எனும் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கே அழைப்பார்கள். நம் பக்கத்துக் கலைக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பரேடுக்குப் போவது டிபனுக்காக என்று கிண்டல் பேசியே மூன்று வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அறிமுகமில்லாதவர்களோடு சேர்ந்து பலகையும் கயிறும் வைத்துத் தடை தாண்ட வைப்பார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசுவதில்தான். கோச்சிங் சென்டர் சேருமுன் நண்பர்களோடு தினம் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் சண்டை போட்டுப் பழகலாம், செலவில்லை.

சீருடையே போடாமலும் இந்த உலகத்துக்குள் போனவர்கள் உண்டு. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஐ.ஏ.எஸ். ஆனவர் கே. சுப்ரமணியம். மத்திய அரசின் கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1999 கார்கில் போருக்குப் பின், எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் தொடர்ச்சியாகத்தான் 2002-ல் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை உருவானது. அவருடைய கருவிகள் கோப்பும் பேனாவும்தான். சினிமா உளவாளியை மனதில் வைத்து வருபவர்களுக்கு இது சப்பென்றிருக்கலாம்.

ராணுவத்தைச் சேராத, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் ஐ.பி. எனும் உளவுத்துறையையும் மறந்துவிடக் கூடாது. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் அங்கே உதவி உளவு அதிகாரி ஆவதற்கான ஏ.சி.ஐ.ஓ. தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் செக்யூரிட்டி அசிஸ்டென்ட் பணி. இந்தப் பணியில் தமிழ்நாட்டுக்கான இடங்களுக்குத் தமிழ் தெரிந்தே ஆக வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கும் தாளும் உண்டு. தினம் நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து மொழிபெயர்த்துப் பழகுங்கள். இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.